ஐந்தேகால் அடிப் படுக்கை

அந்தப் படகுக்காக நான் முதலில் குறித்துக்கொண்ட அளவு ஒரு பெண்ணின் உயரம். நான்கு அடி பதினோரு அங்குலம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். அந்த அம்மா சுவரோடு ஒட்டி நின்றார். நான் தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டேன்.

"செருப்பக் கழட்டிட்டேன் கண்ணு. ஏமாத்தல," என்றார்.

அவருடைய கணவர் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'சீஃப்' என்றுதான் கூப்பிடுவோம். இருவரும் காட்டுப்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வருடத்தில் ஒன்பது மாதம் அவர் கடலில் இருந்தார்; அந்த அம்மா இரண்டு மகன்களை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். இப்போது மகன்கள் வெளிநாட்டில். சீஃப் ஒரு பாய்மரப் படகு கட்ட வேண்டும் என்று வந்தார். உள்ளேயே சமைத்து, தூங்கி, வாரக்கணக்கில் கடலில் இருக்கும்படியான படகு. முதலில் அந்தமான், பிறகு பார்க்கலாம் என்றார்.

எங்கள் அலுவலகம் வரைவதெல்லாம் மீன்பிடிப் படகும் மிதவையும்தான். நான் கல்லூரியில் கப்பல் வடிவமைப்பு படித்தவள் என்றாலும் பாய்மரப் படகு எனக்கும் புதிது. எங்கள் முதலாளி, நாங்கள் 'சார்' என்பவர், முதல் நாளே சிக்கலைச் சொல்லிவிட்டார். "சீஃபுக்கு வேகம் வேணும். அவங்களுக்குத் தூக்கம் வேணும். ஒல்லியா, லேசா செஞ்சா ஓடும், ஆனா குதிக்கும். கனமா செஞ்சா குதிக்காது, ஆனா நாலு நாள்ல போற இடத்துக்கு ஏழு நாள் ஆகும். ஏழு நாள் கடல்ல கிடக்கிறதும் வசதி கிடையாது. நடுவுல எங்கயோ நிக்கணும்."

அந்த அம்மாவுக்கு பூந்தமல்லிக்கு பஸ்ஸில் போனாலே தலை சுற்றும். கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் ஏற மாட்டார். எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோதும் கையில் ஒன்று இருந்தது.

"இவ வரலைன்னா எனக்குப் படகே வேணாம்," என்றார் சீஃப். "தனியாப் போறதுன்னா முப்பது வருசம் போயாச்சு."

"கப்பல்லேருந்து போன் போட்டு, இன்னிக்குக் கடல் எப்டி கீது தெரியுமான்னு கேப்பாரும்மா," என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். "எனக்கு இன்னா தெரியும்? எங்க ஊட்டு ஜன்னல்ல பூந்தமல்லி ரோடுதான் தெரியும். ஒரு தபா நானும் பாத்துடணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆடாதுல்ல?"

"ஆடாதும்மா. நான் பாத்துக்கிறேன்."

ஆடாத படகு என்று ஒன்று கிடையாது. ஆடும், ஆனால் மெதுவாக ஆடும் என்று சொல்லியிருக்க வேண்டும். பயந்துபோய்க் கேட்கும் ஒருவரிடம் உண்மையை விட ஆறுதலைச் சொல்லிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் மகளுக்கு ஊசி போடும்போதும் வலிக்காது என்றுதான் சொல்கிறேன்.

"உன் பொண்ணக் கூட்டிகினு ஏறுவியா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கண்டிப்பா ஏறுவேன்மா."

அவருக்கென்று ஒரு படுக்கை வரைந்தேன். படகில் ஆட்டம் குறைவாக உணரும் இடம் நடுப்பகுதியை ஒட்டியது. அங்கே, சமையல் மேடைக்குப் பின்னால், ஐந்தேகால் அடி நீளத்தில். அகலமும் குறைவு. கடலில் அகலமான கட்டிலில் உருளத்தான் முடியும், தூங்க முடியாது. உடம்பை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கவாட்டில் தொட்டில் துணி போல ஒரு கித்தான் துணி, கயிறு போட்டுக் கட்டிக்கொள்ள. அவ்வளவு கவனமாக நான் அதுவரை எதையும் வரைந்ததில்லை.

என் முக்கிய வேலை எடைக் கணக்கு. படகில் உள்ள ஒவ்வொரு பொருளும் எவ்வளவு எடை, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். மேலே எடை கூடினால் படகு கவிழப் பார்க்கும். அதற்கு ஈடாக அடியில், மீனின் துடுப்பைப் போல நீருக்குள் இறங்கும் கீல் என்ற பகுதியில் ஈயம் வைக்க வேண்டும். நெமிலிச்சேரி தாண்டி ஒரு கொட்டகையில்தான் படகு கட்டினார்கள். ஃபைபர் வேலையைக் கையால் செய்கிறவர்கள் பசையை ஒருநாள் தாராளமாகப் பூசுவார்கள், ஒருநாள் அளவாகப் பூசுவார்கள். எடை காகிதத்தில் உள்ளபடி வராது. அதனால் நான் ஒவ்வொரு வரியிலும் பத்தில் ஒரு பங்கு கூட்டிப் போட்டேன். உயரத்தையும் கொஞ்சம் ஏற்றிப் போட்டேன். பயமாக இருந்தது. அதில் ஒரு குடும்பம் போகப் போகிறது.

கணக்கின்படி படகு மேலே கனமாக வந்தது. கீலுக்குள் இன்னும் ஈயக் கட்டிகள் அடுக்க வேண்டும் என்று எழுதினேன்.

கொட்டகையின் மேஸ்திரி என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மேடம், இம்மாம் ஈயமா? பாய்மரம் ஓட்டப் போறீங்களா, நங்கூரம் ஓட்டப் போறீங்களா?"

"பாதுகாப்புக்குண்ணா."

"பாதுகாப்புன்னா ஊட்லயே இருந்துக்கலாமே," என்று சிரித்தார். ஆனால் அடுக்கினார்.

மழைக்காலம் முடிந்து டிசம்பர் கடைசியில் படகு லாரியில் ஏறி வெளிவட்டச் சாலை வழியாக வடக்கே போனது. துறைமுகத்தில் கிரேன் வைத்து இறக்கினார்கள். இறக்கியதும் ஒரு சோதனை உண்டு. மணல் மூட்டைகளை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். உள்ளே தொங்கும் குண்டுநூல் எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். அதிலிருந்து படகு எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நான்தான் அளந்தேன். நூல் மிகக் குறைவாகவே நகர்ந்தது. நான் கணக்கிட்டதைவிட வெகு உறுதி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாருக்குப் போன் செய்தேன். "கூடுதலா வந்திருக்கா? நல்லதுதானேம்மா. கொறைஞ்சாதானே பயப்படணும்," என்றார். கணவரிடம் சொன்னேன். வீட்டுக்குப் போகும் வழியில் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போனேன்.

மேஸ்திரி மட்டும் படகின் விளிம்பில் காலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். "மிதிச்சா சாய மாட்டேங்குது மேடம். சாஞ்சாலும் வெடுக்குனு திரும்பிக்குது. கோவக்கார மாமியார் மாதிரி கீது." நான் சிரித்தேன். அவர் சொன்னதுதான் பாடப் புத்தகத்திலும் இருந்தது. அளவுக்கு மீறி உறுதியாக இருக்கும் படகு ஒவ்வொரு அலைக்கும் உதறி நிமிரும். உள்ளே இருப்பவர்களைத் தூக்கி அடிக்கும். மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்வதுதான் வசதி. தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அது நினைவுக்கு வரவே இல்லை. அதிகம் என்ற சொல் எனக்கு நிம்மதியாகவே கேட்டது.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளோட்டம். சீஃப், அவருக்குத் துணையாக இரண்டு பழைய கப்பல்காரர்கள், அந்த அம்மா, நான். என் மகளை அயனம்பாக்கத்தில் வீட்டிலேயே கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"பாப்பா எங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. புதுச் சுடிதாரும் ரப்பர் செருப்பும் போட்டிருந்தார். அவர் சுடிதார் போட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"இருமல்ம்மா."

"அப்டியா. மிளகுப் பால் குடு," என்றார்.

முதல் இரண்டு மணி நேரம் எல்லாம் நன்றாக இருந்தது. பாய் காற்றை வாங்கி நிறைந்திருக்கும்போது அதுவே படகைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவாக ஆட விடாது. அந்த அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் மட்டும் பார்க்க ஆரம்பித்தார். "ஒண்ணுமே தெரியலையே. தண்ணியும் வானமும்தான்," என்று சீஃபிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. சீஃப் அவரைப் பார்த்தபடி நின்ற விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. அந்த அம்மா கீழே இறங்கித் தன் படுக்கையில் படுத்துப் பார்த்தார். "அளவெடுத்துத் தெச்ச ஜாக்கெட்டு மாதிரி கீது கண்ணு," என்று கத்தினார்.

பதினொரு மணிக்குக் காற்று நின்றுவிட்டது. பாயை இறக்கி, இன்ஜினைப் போட்டுத் திரும்பினோம். எங்கோ தூரத்திலிருந்து வரும் நீண்ட அலைகள் பக்கவாட்டில் வந்தன. உயரமான அலைகள் கூட இல்லை. படகு ஒவ்வொன்றுக்கும் சாய்ந்தது, சாய்ந்த வேகத்தில் வெடுக்கென்று நிமிர்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது. கழுத்தைப் பிடித்து உலுக்குவது போல. அந்த அம்மா எல்லோருக்கும் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நான் எழுந்து பிடிப்பதற்குள் சமையல் மேடையின் மூலையில் போய் மோதி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டதாகத்தான் இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் படுக்கையில்தான் அவரைப் படுக்க வைத்துத் துணியைக் கட்டினேன். துறைமுகம் வர இரண்டு மணி நேரமானது. வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார். சீஃப் சுக்கானை விட்டுவிட்டு வந்து வாசலில் குனிந்து நின்று, "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்," என்றார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஆடாதுன்னியே கண்ணு," என்றார். கோபமே இல்லாத குரல். ஏதோ வழி கேட்பது போலச் சொன்னார்.

கடல் என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்ப முயன்றேன். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் எங்கள் குடியிருப்பு வாசலில்தான் எனக்கு உறைத்தது. மகள் எல்.கே.ஜி. போகிறாள். அன்று நான் பால் வாங்கிவிட்டு வந்தபோது அவள் பையை மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள். முகமெல்லாம் சிவந்து, வியர்த்து. கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரமா நிக்கிறா?"

"அரை மணி இருக்கும். வேன் எட்டேகாலுக்குன்னு நீதானே சொன்ன. நான் தவறிடக் கூடாதுன்னு எட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன்."

வேன் எட்டரைக்குத்தான் வரும். தவறிவிடக் கூடாது என்று நான் அவரிடம் கால் மணி முன்னால் சொல்லியிருந்தேன். அவர் அதிலிருந்து இன்னொரு கால் மணியை முன்னால் தள்ளியிருந்தார். இரண்டு பேரும் பத்திரமாக இருந்தோம். குழந்தைதான் வெயிலில் நின்றது.

அன்றே அலுவலகத்தில் எடைக் கணக்கைத் திறந்தேன். நான் வரிக்கு வரி கூட்டியிருந்தேன். கடைசிக் கூட்டுத்தொகைக்குப் பின்னால், மொத்தப் படகுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டும்படி சார் பல வருடங்களாகவே அந்தத் தாளில் எழுதி வைத்திருந்தார். மேஸ்திரிக்குப் போன் செய்து, மேல்தளத்துக்கு முன்பு எனக்குச் சொன்ன எடையை எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். "நீங்க இன்ஜினியருங்க எப்டியும் கொறைச்சுத்தான் எழுதுவீங்கன்னு, நானே ஏத்திச் சொன்னேன் மேடம்," என்றார் பெருமையாக. மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் காவல் போட்டிருந்தோம். மேலே இல்லாத எடைக்கு ஈடாகத்தான் அடியில் அவ்வளவு ஈயம். சோதனை நாளில் குண்டுநூல் அதைத்தான் சொன்னது. நானோ அன்று கோயிலுக்குப் போனேன்.

சாரிடம் சொன்னேன். அவர் கணக்கை வரிவரியாகப் பார்த்தார். கடைசியில், "தப்புன்னு எழுத வேணாம். எடைத் திருத்தம்னு எழுது. கட்டியை எடுத்துடலாம்," என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான் கூடுதலாகக் கேட்ட ஈயம், நல்லவேளையாக, படகின் உள்தரைப் பலகையைத் திறந்தால் கைக்கு எட்டும்படி கீலின் மேல்பகுதியில் அடுக்கியிருந்தது. மேஸ்திரி ஆட்களோடு துறைமுகத்துக்கு வந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தார். மறுபடி சோதனை செய்தோம். மறுபடி கடலுக்குப் போனோம். அதே பக்கவாட்டு அலைதான். படகு மெல்லச் சாய்ந்தது, யோசித்தது, மெல்ல நிமிர்ந்தது. சமையல் மேடையில் நான் வைத்த டம்ளர் நகரவில்லை. எடை குறைந்ததில் வேகமும் கூடிவிட்டது என்று சீஃபுக்கு இரட்டைச் சந்தோஷம். "போய் அவகிட்ட நீயே சொல்லும்மா," என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா."

அந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கம் போனேன். அந்த அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உண்மையிலேயே பூந்தமல்லி ரோடுதான் தெரிந்தது.

"சில மாத்தம் பண்ணியிருக்கோம்மா. இப்ப ஆடல. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"அன்னிக்கும் இதத்தானே சொன்ன," என்றார்.

அப்போது ஒரே ஒரு வாக்கியம் பாக்கியிருந்தது. அன்று ஆடியது கடல் இல்லை, என் கணக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. சார் எழுதச் சொன்னது, வேலை, சீஃப் என்ன நினைப்பார் என்பது எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. "கடல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரிம்மா," என்றேன்.

"அதான் எனக்கும் பயமா கீது," என்றார் அவர். "இவரு முப்பது வருசம் அந்த ஆட்டத்துலயா இருந்தாரு? எனக்குத் தெரியவே இல்ல. எனக்கு அது ஆவாது கண்ணு. அது அவரு ஒடம்பு, இது வேற ஒடம்பு."

தான் போகப் போவதில்லை என்று சீஃப் சொன்னார். படகை விற்றுவிடுகிறேன் என்றார். அந்த அம்மாதான் விடவில்லை. சாப்பிடும் தட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்க்க முடியவில்லையாம். "போய்ட்டு வாங்க. போயி எனக்குப் போன் பண்ணி, கடல் எப்டி கீதுன்னு சொல்லுங்க. எனக்குப் பழக்கம்தானே," என்றாராம். பிப்ரவரி கடைசியில் அந்த இரண்டு கப்பல்காரர்களோடு சீஃப் கிளம்பினார்.

கிளம்பிய ஐந்தாம் நாள் மாலை, மகளைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். கட்டு அவிழ்த்திருந்தார்கள். கை மெலிந்து, வேறொருவர் கை போல இருந்தது. நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. கடலில் இருந்து பேசும் போன். குரல் ஒரு நொடி தாமதித்து வரும். அந்த அம்மா அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஏய், கேக்குதா? ஆடவே இல்லடி," என்றார் சீஃப். "டீய ஊத்தி அப்டியே வெச்சிருக்கேன், தளும்பல. தொட்டில் மாதிரி போவுது. அந்தப் பொண்ணு நல்லா பண்ணியிருக்கு."

"இங்கதான் உக்காந்துகினு கீது. நீங்களே சொல்லுங்க."

"நல்லா பண்ணியிருக்கம்மா," என்றார் என்னிடம். நான் "சரி சீஃப்" என்றேன்.

"என் கட்டில்ல யாரு படுக்குறா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அதுல யாருக்குடி கால் நீளும்? வெங்காய மூட்ட வெச்சிருக்கோம்."

அந்த அம்மா சிரித்தார். லைன் அறுந்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்த முகத்தோடே இருந்தார். பிறகு, "அப்போ அன்னிக்கு ஏன் கண்ணு அப்டி ஆடிச்சி?" என்று கேட்டார்.

சொன்னேன். ஈயத்தை, மூன்று பேர் கூட்டியதை, குண்டுநூலை, திருத்தம் என்று எழுதியதை எல்லாம் சொன்னேன். அவருக்கு எல்லாம் புரிந்ததா என்று தெரியவில்லை. புரிய வேண்டியது புரிந்தது.

"அப்போ அது கடல் இல்லியா," என்றார்.

"இல்லம்மா."

"போன மாசம் வந்தியே. அன்னிக்குச் சொல்லியிருந்தா..." ரோட்டில் ஒரு பஸ் போனது. அது கடந்து போகும்வரை பார்த்தார்.

"பாப்பாவுக்கு அன்னிக்கு இருமல் இல்ல, இல்ல?"

"இல்லம்மா."

"தெரியும். உன் மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன், வரஞ்ச பொண்ணுக்கே நம்பிக்க இல்லியேன்னு." அதையும் கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிற்க ஏதோ ஓர் இடம் கிடைத்திருக்கும்.

பிறகு எழுந்து உள்ளே போனார். முறுக்கு டப்பாவோடு வந்து, மகள் முன்னால் குனிந்து மூடியைத் திருகினார். வலது கையில் பிடி வரவில்லை. இடது கையால் முயன்றார். மகள் மூடியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"நீ தொற கண்ணு. ரொம்ப இறுக்கி மூடி வெச்சிட்டேன்."

திறந்து கொடுத்தேன். அவர் மகளுக்கு ஒன்றும், எனக்கு ஒன்றும் எடுத்துக் கொடுத்தார்.